தொண்ணூறு நிமிடம் போதாத சீசன்

ஈஸ்டர் ரோடு மைதானத்தில் கோல் விழுந்தால், வானொலிக்கு முன்பே என் சன்னல் அதைச் சொல்லிவிடும். ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில், மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், 2015 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு குடியிருந்தேன். டிஜிட்டல் வானொலியின் நேர்முக வர்ணனை சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும். அதனால் முதலில் கண்ணாடி அதிரும்படி ஓர் ஆரவாரம் எழும். அதற்குப் பிறகுதான் வர்ணனையாளர் பந்து யார் காலில் இருக்கிறது என்றே சொல்லத் தொடங்குவார். எதிரணி கோல் போட்டாலும் தெரிந்துவிடும். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மட்டும் மெல்லிய கூச்சல் வரும், மற்ற மூன்று பக்கமும் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓராண்டில் ஹிபர்னியன் கால்பந்துக் கழகம் கண்ட ஏற்ற இறக்கங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். நான் நெருக்கமாகப் பின்தொடர்ந்த ஒரே முழு சீசன் அது. அதற்குப் பின் எத்தனையோ பெரிய அணிகளின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். மனம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஹிப்ஸ் என்று ஊரார் சுருக்கமாக அழைக்கும் இந்த அணியை 1875இல் தொடங்கியவர்கள், எடின்பரோவின் கௌகேட் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த அயர்லாந்துக் குடியேறிகள். அயர்லாந்துக்கு லத்தீனில் வழங்கும் பெயரிலிருந்தே ஹிபர்னியன் என்ற பெயர் வந்தது. பச்சைச் சட்டையும் அந்த வழியில் வந்ததுதான். 1948, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றவர்கள் இவர்கள். 1955இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி முதன்முதலாகத் தொடங்கப்பட்டபோது, அதில் கலந்துகொண்ட முதல் பிரிட்டிஷ் அணி என்ற பெருமையோடு அரையிறுதி வரை சென்றார்கள். இவ்வளவு பெருமை இருந்தும், சொந்த நாட்டின் ஸ்காட்டிஷ் கோப்பை மட்டும் 1902க்குப் பிறகு அவர்கள் கைக்கு வரவே இல்லை. அதன்பின் பத்து முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தார்கள்.

அந்தத் தோல்விகளில் பலவற்றை நேரில் பார்த்தவர் என் கீழ்வீட்டுப் பெரியவர். 1958இல் பத்து வயதுப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இறுதி ஆட்டம் நடந்த கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்துக்குப் போனவர். அன்று கிளைட் அணியிடம் 1–0 என்று தோற்றதில் தொடங்கி, 1972இல் செல்டிக்கிடம் 6–1, 1979இல் ரேஞ்சர்ஸுடன் இரண்டு முறை கோலின்றிச் சமன் செய்துவிட்டு மூன்றாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 3–2, 2001இல் மறுபடியும் செல்டிக்கிடம் 3–0 என்று, வீட்டுத் திதிகளை நினைவு வைத்திருப்பவர் போல அவர் வரிசையாகச் சொல்வார். 2012ஐ மட்டும் சொல்ல மாட்டார். அது ஒரே ஊரின் பரம எதிரியான ஹார்ட்ஸிடம் 5–1 என்று தோற்ற ஆண்டு.

2015–16 சீசன் தொடங்கியபோது கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. 2014இல், யார் மேல் டிவிஷனில் ஆடுவது என்று முடிவுசெய்யும் பிளேஆஃப் ஆட்டங்களில் ஹாமில்டனுக்கு எதிராக முதல் ஆட்டத்தை 2–0 என்று வென்றுவிட்டு, சொந்த மைதானத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தை அதே கணக்கில் இழந்து, பெனால்டியில் தோற்று, ஹிப்ஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. மேலே ஏறுவது ஒன்றே குறி. பத்து அணிகள், முப்பத்தாறு ஆட்டங்கள். முதலிடம் பெறும் அணி நேராக மேலே போகும். இரண்டு முதல் நான்கு வரையிலான இடங்களைப் பெறும் அணிகள் பிளேஆஃபில் மோத வேண்டும். அதே டிவிஷனில் ரேஞ்சர்ஸும் இருந்தது. ரேஞ்சர்ஸின் பணபலத்துக்கு அங்கே ஈடு கிடையாது.

சீசனின் தொடக்கத்திலேயே ஒரு தகராறு. ஹிப்ஸின் நடுக்கள ஆட்டக்காரர் ஸ்காட் ஆலனை வாங்க ரேஞ்சர்ஸ் மீண்டும் மீண்டும் விலை பேசியது. பதவி உயர்வுக்குப் போட்டியிடும் அணிக்கு நம் ஆளை விற்பதா என்று ஹிப்ஸ் நிர்வாகம் மறுத்தது. கடைசியில் அவர் செல்டிக்குக்குப் போனார். அந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாக, செல்டிக்கிலிருந்து லியம் ஹெண்டர்சன் என்ற இளைஞர் ஒரு சீசனுக்குக் கடனாக ஹிப்ஸுக்கு வந்தார். நல்ல ஆளை விட்டுவிட்டுப் பையனை வாங்கியிருக்கிறார்கள் என்று அப்போது தெருவில் முணுமுணுத்தார்கள். ஹெண்டர்சன் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலன் ஸ்டப்ஸின் பயிற்சியில் அணி நன்றாகவே ஆடியது. செயின்ட் மிரனிலிருந்து வந்திருந்த இருபது வயது ஜான் மெக்கின், பந்தை இடுப்பால் மறைத்துக்கொண்டு திரும்பும் விதத்தை அப்போதே மைதானத்தில் எழுந்து நின்று பார்த்தார்கள். பின்னாளில் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஸ்காட்லாந்துக்கும் அவர் என்ன செய்தார் என்பதைக் கால்பந்து பார்ப்போர் அறிவார்கள். ஸ்காட்டிஷ் கோப்பையிலிருந்து வேறான லீக் கோப்பைப் போட்டியில் அபர்டீனை 2–0, டண்டீ யுனைடெட்டை 3–0, அரையிறுதியில் செயின்ட் ஜான்ஸ்டனை 2–1 என்று வென்றார்கள். மூன்றுமே முதல் டிவிஷன் அணிகள். மேல் டிவிஷன் அணிகளை வரிசையாக வீழ்த்தும் ஓர் அணியால், தான் ஆடும் டிவிஷனிலிருந்து மட்டும் வெளியேற முடியாமல் போனதை அந்த ஆண்டு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு எதிரணி ரசிகர்கள் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். இந்த அணியின் பெயரையே அவர்கள் வினைச்சொல்லாக்கிவிட்டிருந்தார்கள். கைக்கு எட்டியதைக் கடைசி நேரத்தில் யார் கோட்டைவிட்டாலும் "ஹிப்ஸ் செய்துவிட்டார்கள்" என்பார்கள். ஓர் அணியை இதைவிடக் கொடுமையாக அவமதிக்க முடியாது என்று நினைக்கிறேன். தோல்வியைக் குறைசொல்வது வேறு, தோல்வி அவர்களின் பிறவிக்குணம் என்பது வேறு.

பிப்ரவரி 7ஆம் தேதி, ஸ்காட்டிஷ் கோப்பையின் ஐந்தாம் சுற்றில், டைன்காசல் மைதானத்தில் ஹார்ட்ஸுடன் மோதினார்கள். பெரியவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஹார்ட்ஸ் இரண்டு கோல் போட்டு முன்னால் நின்றது. 80ஆவது நிமிடத்தில் ஜேசன் கம்மிங்ஸ் ஒன்றைத் திருப்பினார். காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் பால் ஹான்லன் இரண்டாவதை அடித்தார். சிறு வயதிலிருந்தே ஹிப்ஸ் ரசிகரான எடின்பரோக்காரர் ஹான்லன். அந்த கோலுக்குப் பின் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், இந்த நகரத்தில் இந்த ஆட்டம் என்னவாக இருக்கிறது என்று எனக்கு முழுதாக உறைத்தது. ஒன்பது நாள் கழித்து ஈஸ்டர் ரோட்டில் மறு ஆட்டம். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தேன். ஆரவாரம் வந்தது, அறை நிரம்பியது, அதற்குப் பிறகு வானொலி கம்மிங்ஸ் என்றது. 1–0.

மார்ச் 13, லீக் கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரணி ராஸ் கவுண்டி. மைக்கேல் கார்டைன் அடித்த கோலுக்கு லியம் ஃபான்டைன் பதில் சொன்னார். ஆட்டம் முழுக்க ஹிப்ஸின் பிடியில்தான் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் 90ஆவது நிமிடத்தில் அலெக்ஸ் ஷால்க் ஏறக்குறைய ஆளில்லாத இடத்தில் நின்று பந்தை உள்ளே தட்டிவிட்டார். 2–1. அன்று மாலை பெரியவர் கதவைத் திறக்கவில்லை.

அந்தத் தோல்வியின் மூன்றாம் நாளே அணி வடக்கே இன்வர்னஸுக்குப் பயணப்பட்டு, ஸ்காட்டிஷ் கோப்பையின் நடப்புச் சாம்பியன்களோடு கால் இறுதி மறு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அந்த சீசனின் உண்மையான திருப்பம் அந்தப் புதன்கிழமை இரவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்; இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. செல்டிக்கிலிருந்து சனவரியில் கடனாக வந்திருந்த ஆண்டனி ஸ்டோக்ஸ் இரண்டு கோல் அடித்தார். 2–1 என்று வென்றார்கள். இறுதி ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் இழந்துவிட்டு, மூன்றே நாளில் வேற்று ஊரில் போய் வெல்லும் அணியைப் பிறவித் தோல்வியாளர்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஏப்ரல் 16, அரையிறுதி, ஹாம்ப்டனில் டண்டீ யுனைடெட். இங்கேதான் கான்ராட் லோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிகால் தசைநாண் அறுந்து ஏறக்குறைய பதினாறு மாதங்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். மார்ச்சில்தான் ஹிப்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. வழக்கமான கோல் கீப்பர் இல்லாத நிலையில் அவரை நேராக அரையிறுதியில் இறக்கினார்கள். பருத்த உடம்பு, தாடி, கனத்த நடை. மைதானத்துக்குள் வந்தபோது கேமரா அவரைக் காட்டியதும் எங்கள் இருவருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. முதல் பாதியில் ஹிப்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கம்மிங்ஸ் கோல் கீப்பரை ஏமாற்றுவதாக நினைத்துப் பந்தை மெதுவாகக் கிண்டிவிட, அது கம்பத்துக்கு மேலே மிதந்து போனது. தொண்ணூறு நிமிடமும் கூடுதல் அரை மணியும் கோல் இல்லாமல் கழிந்தன. பெனால்டிகளில் எதிரணியின் முதல் இரண்டு உதைகளையும் லோகன் தடுத்தார். வெற்றிக்குரிய கடைசி உதைக்கு வந்தவர் அதே கம்மிங்ஸ். இம்முறை எந்த வித்தையும் காட்டாமல் உள்ளே அடித்தார். அவர் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்காக உலகக் கோப்பைக்குப் போனதும், கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்காக ஆடியதும் நம் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இதற்கிடையே லீக் கைநழுவியது. ரேஞ்சர்ஸ் 81 புள்ளிகளோடு முதலிடம். ஃபால்கர்க்கும் ஹிப்ஸும் ஆளுக்கு 70. கோல் வித்தியாசத்தில் ஹிப்ஸுக்கு மூன்றாம் இடம். இரண்டு கோப்பைகளிலும் கடைசி வரை போனதால் அந்த ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம், அவற்றுக்கிடையே மறு ஆட்டம் என்று கால்கள் ஓய்ந்துபோயிருந்தன. மூன்றாம் இடம் என்பதால் பிளேஆஃபிலும் ஒரு சுற்று அதிகம். ரெய்த் ரோவர்ஸை எப்படியோ தாண்டினார்கள். ஃபால்கர்க்குடன் முதல் ஆட்டம் 2–2. மே 13, வெள்ளிக்கிழமை இரவு, ஃபால்கர்க் ஊரில் இரண்டாவது ஆட்டம். காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் பாப் மக்ஹியூ கோல் அடித்தார். 3–2. மேலும் ஓராண்டு இரண்டாம் டிவிஷன் என்று உறுதியானது.

எந்தக் குறிக்கோளோடு சீசனைத் தொடங்கினார்களோ அது அன்றிரவே முடிந்துபோனது. எட்டு நாள் கழித்து ரேஞ்சர்ஸுடன் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். முதல் டிவிஷனில் இல்லாத இரண்டு அணிகள் அந்த இறுதியில் மோதியது அதுவே முதல் முறை. அந்த எட்டு நாட்களில் லீத்தில் நான் பேசியவர்களில் ஒருவர்கூட நம்பிக்கையோடு பேசவில்லை. ஆனால் டிக்கெட் கிடைத்த ஒருவர்கூடப் போகாமல் இருக்கவுமில்லை.

மே 21 மதியம் எங்கள் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பெரியவருக்கு முழங்கால் வலி. ஹாம்ப்டனின் படிகளை ஏற முடியாது என்று டிக்கெட்டைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது நிமிடத்திலேயே ஸ்டோக்ஸ் கோல் அடித்தபோது அவர் கைதட்டவில்லை. "சீக்கிரம் அடித்துவிட்டான்" என்று மட்டும் சொன்னார். 27ஆவது நிமிடத்தில் கென்னி மில்லர் தலையால் முட்டிச் சமன் செய்தார். 64ஆவது நிமிடத்தில் ஆண்டி ஹாலிடே தொலைவிலிருந்து அடித்த பந்து ரேஞ்சர்ஸை முன்னால் கொண்டுபோனது. அப்போது அவர் எழுந்து, தேநீருக்கு வெந்நீர் வைக்கிறேன் என்று அடுக்களைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை.

மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்தார் ஹெண்டர்சன். 80ஆவது நிமிடம், அவர் அடித்த கார்னர், ஸ்டோக்ஸின் தலை: 2–2. பெரியவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். நாற்காலியைக் காட்டினேன், தலையசைத்து மறுத்துவிட்டார். தான் இடம் மாறினால் எதுவோ கெட்டுவிடும் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது, நானும் சோபாவில் அசையவில்லை. தொண்ணூறு நிமிடம் முடிந்தது. 92ஆவது நிமிடத்தில் மறுபடி ஒரு கார்னர். மறுபடி ஹெண்டர்சன் மூலைக்கொடியருகே போய்ப் பந்தை வைத்தார், இரண்டடி பின்னால் வந்தார், கையை உயர்த்தினார். பந்து கூட்டத்துக்குள் வளைந்து இறங்க, தற்காப்பிலிருந்து ஓடிவந்திருந்த கேப்டன் டேவிட் கிரே அதை முட்டினார். வலை உதறியது. 3–2.

பெரியவர் கத்தவில்லை. கதவின் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் வைத்துக்கொண்டார். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. நூற்றுப் பதினான்கு ஆண்டுகள்.

அதன் பின் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. ஆயிரக்கணக்கான ஹிப்ஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். பெரும்பாலோர் புல்லைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டும், அழுதுகொண்டும், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டும் நின்றவர்கள்தாம். ஆனால் சிலர் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்களை நெருங்கித் தொல்லை கொடுத்தார்கள். அது வெட்கக்கேடு, மகிழ்ச்சியைச் சாக்காகச் சொல்லி அதை மன்னிக்க நான் தயாராக இல்லை. ரேஞ்சர்ஸ் அணியினர் பதக்கம் வாங்கவே திரும்பி வரவில்லை. காவலர்கள் மைதானத்தைக் காலி செய்து முடித்த பிறகுதான் கோப்பையை கிரே கையில் கொடுத்தார்கள். அதன்பின் பச்சையும் வெள்ளையுமாக நிறைந்திருந்த அந்தப் பாதி மைதானம் தங்கள் கழகத்தின் பாட்டை மெதுவாகச் சேர்ந்து பாடியபோது, பெரியவர் முதல் முறையாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு, திறந்த பேருந்தில் கோப்பை ஊர்வலம் லீத்துக்கு வந்தது. ஒன்றரை லட்சம் பேர் தெருக்களில் நின்றார்கள் என்று மதிப்பிட்டார்கள். லீத் வாக் என்ற பெருந்தெருவில் கம்பங்களின் மீதும் பேருந்து நிறுத்தக் கூரைகளின் மீதும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். நான் கூட்டத்தில் நின்று கோப்பையை ஒரு கணம் பார்த்தேன், நினைத்ததைவிடச் சிறியது. 2007இல் லீக் கோப்பை வென்ற அணியிலும் இருந்த லூயிஸ் ஸ்டீவன்சன் அந்தப் பேருந்தில் இருந்தார். இரண்டு கோப்பைகளையும் ஹிப்ஸுக்காக வென்ற முதல் ஆட்டக்காரர் அவர். சில நாட்களில் ஸ்டப்ஸ் இங்கிலாந்தின் ராதர்ஹாம் அணிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு நீல் லெனன் பயிற்சியில் ஹிப்ஸ் முதலிடம் பெற்று மேலே ஏறியது. அந்தக் கடைசி கோலை அடித்த கிரே 2024இல் அதே அணியின் பயிற்சியாளரானார். அவருடைய முதல் சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி மூன்றாம் இடத்துக்கு ஏறியது தனியாக எழுத வேண்டிய கதை.

அந்த சீசனின் இறக்கங்களை வென்று ஏற்றம் வந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. டைன்காசலில் ஹான்லன், ராஸ் கவுண்டியின் ஷால்க், ஃபால்கர்க்கின் மக்ஹியூ, ஹாம்ப்டனில் கிரே: நான்கு கோல்களும் தொண்ணூறாவது நிமிடத்திலோ அதற்கு அப்பாலோ விழுந்தவை. இரண்டு இவர்களுக்காக, இரண்டு இவர்களுக்கு எதிராக. ஆட்டம் முடிகிற நேரத்திலும் தற்காப்பு ஆட்டக்காரர்களை முன்னே அனுப்பித் துணிந்து ஆடிய அணி அது. அந்தத் துணிவினால் பின்னால் விழுந்த இடைவெளியில்தான் பிறர் புகுந்தார்கள், அதே துணிவினால்தான் கிரே அந்தக் கார்னருக்கு எதிரணிப் பெட்டிக்குள் இருந்தார்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியில் பெரியவரைப் பார்த்தேன். சீஃபீல்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அப்பாவின் கல்லில் பச்சை வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டு வந்திருந்தார். வாழ்த்துச் சொன்னேன். உள்ளே வரச் சொல்லி மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர் வைத்தார். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தைப் பெனால்டி புள்ளியாகவும், என் கோப்பையை மக்ஹியூவாகவும் நகர்த்தி வைத்து, ஃபால்கர்க்கில் அந்த கோல் விழுந்தபோது யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் எனக்கு விளக்கினார்.